மாலையானால் வயிறு கல்லாகிறது: அடுத்து எந்தப் பரிசோதனை?

கேள்வி: "எனக்கு வயது 46, ஊர் ஈரோடு. எட்டு மாதமாக வயிற்று உப்புசம். காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஏறி, மாலை ஆறு மணிக்கு வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது. புடவைக் கட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஏப்பம், வாய்வு இரண்டும் உண்டு. மலம் தினமும் போகிறது, ஆனால் முழுசாகப் போன திருப்தி இல்லை. எடை குறையவில்லை. நான்கு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து வந்தேன். ஒன்பது மாதத்துக்கு முன் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். ஆறு மாதமாகத் தினமும் பாண்டோபிரசோல். வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', எண்டோஸ்கோபியில் 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைடிஸ், எச்.பைலோரி நெகட்டிவ்' என்று வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பேன், இரவு சப்பாத்தி. ஒரு லேபில் 200 உணவுகளுக்கு ஒத்துக்கொள்ளாமை பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? கொலோனோஸ்கோபியும் தேவையா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

200 உணவுப் பரிசோதனை வேண்டாம். கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) இப்போதைக்குத் தேவைப்படாது. ஆனால் ஏற்கெனவே செய்த இரண்டு பரிசோதனைகளிலும் ஆளுக்கொரு ஓட்டை இருக்கிறது. அவற்றை அடைக்க வேண்டும். அதற்கும் முன்னால், உங்கள் மாத்திரை அட்டையையும் டீ டம்ளரையும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி ஸ்கேனைப் பற்றியதல்ல, ஒன்பது மாதத்துக்கு முன் மாத்திரை மாற்றினார்கள் என்பதுதான். மாத்திரை மாறிய ஒரு மாதத்தில் உப்புசம் தொடங்கியிருக்கிறது.

வோக்ளிபோஸ் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் காரணம் புரியும். சோறு, சப்பாத்தி, இட்லி ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தைச் சிறுகுடலின் உள்சுவரிலுள்ள நொதிகள் குளுக்கோஸாக உடைக்கின்றன. அந்த நொதிகளைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அதனால் சாப்பிட்டவுடன் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஆனால் உடைபடாத மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே காத்திருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும்; தோசை மாவு பாத்திரத்தில் பொங்குவதுபோல வாயு கிளம்பும். மருந்து தவறாகப் போனதன் அறிகுறி அல்ல இது, அதன் செயலிலேயே உள்ள விளைவு. பலருக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. கூடவே மெட்ஃபார்மினும் உப்புசம், வயிற்றுப்போக்கு தரக்கூடியது. சாதாரண வகைக்குப் பதில் மெல்லக் கரையும் வகையைச் சாப்பாட்டோடு எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மருத்துவரிடம் போய், "வோக்ளிபோஸ் இல்லாத மாத்திரைக்கு மூன்று வாரம் மாற்றிப் பார்க்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். போகும்போது கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) முடிவு கையில் இருக்கட்டும். மாற்றிய பின் சாப்பிட்ட இரண்டு மணி நேரச் சர்க்கரையை வாரம் இரண்டு முறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

மாற்றும்வரை ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் மாத்திரையிலுள்ள கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடியது. வோக்ளிபோஸும் சேர்ந்திருப்பதால், நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும்போது சீனியோ வெல்லமோ வாயில் போட்டால் ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். சீனியை உடைக்கும் நொதியையும் அந்த மருந்து தடுத்திருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரைத்தான் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு, தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். வீட்டிலும் கைப்பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

இனி டீ. ஒரு டீக்கு 80 மில்லி பால் என்று வைத்தால் ஐந்து டீக்கு 400 மில்லி. நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் (பாலிலுள்ள சர்க்கரை) இருப்பதால், நாளொன்றுக்கு 20 கிராம் லாக்டோஸ் உங்கள் குடலுக்குள் போகிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரே தடவையாகக் கொடுக்கும் அளவே 25 கிராம்தான். தாய்ப்பால் குடிக்கும் வயதில் நிறையச் சுரக்கும், லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி, வளர்ந்த பின் தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. இது நோயல்ல. ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால் வரை, பலர் தாங்கிக்கொள்வார்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்போது மாலையில் அது தெரியத் தொடங்கும்.

இதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு வாரம் பால், பால் டீ, காபி, ஐஸ்கிரீம், பால்கோவா, பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட் எதுவும் வேண்டாம். கட்டன் டீ குடிக்கலாம். தயிர், மோர் குறைவாக இருக்கட்டும். அவற்றில் லாக்டோஸ் ஓரளவு பாக்டீரியாவால் உடைக்கப்பட்டிருப்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் உப்புசம் இறங்கினால் அதோடு விட்டுவிடக்கூடாது. ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் 250 மில்லி பால் மட்டும் குடித்து, நான்கு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் கவனியுங்கள். (மாத்திரை எடுக்கும் நேரத்தை அன்றைக்கு எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது.) வயிறு பொருமி, இரைந்து, இளகிப் போனால் விடை கிடைத்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லையென்றால் அந்த அளவு பால் மேல் பழியில்லை, அதுவரை நிம்மதியாகக் குடிக்கலாம். இந்தத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பத்து வருடமாகப் பால் தொடாதவர்களும், பருப்பை ஒதுக்கியவர்களும், பழத்தைக் கண்டு பயப்படுபவர்களும் காரணம் தெரியாமலேயே சத்துக் குறைந்து நிற்கிறார்கள்.

மாத்திரையையும் பாலையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், எதனால் இறங்கியது என்பது கடைசிவரை தெரியாது. முதலில் மாத்திரை, அது முடிந்தபின் பால்.

இந்த நாட்களில் ஒரு நோட்டும் தையல் டேப்பும் போதும். காலையில் மலம் கழித்தபின், வெறும் வயிற்றில், நின்றபடி, தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், இயல்பாக விட்ட நிலையில் அளக்கவும். இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் மீண்டும். சாப்பிட்டது, நேரம், மலம் எப்படி இருந்தது (ஆட்டுப் புழுக்கையாகவா, வாழைப்பழமாகவா, கூழாகவா) என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்களும் மருத்துவருக்கு நிறையச் சொல்லும். இரவில் சில சென்டிமீட்டர் கூடி, காலையில் பழைய அளவுக்குத் திரும்பினால் அது பெரும்பாலும் உணவு, வாயு, தசை சம்பந்தப்பட்டது. அளவு கூடவே இல்லை, ஆனால் நிரம்பிய உணர்வு மட்டும் என்றால், இயல்பான வாயுவையே குடல் நரம்புகள் அதிகமாக உணர்கின்றன என்று பொருள். காலையிலும் இறங்காமல் வாரத்துக்கு வாரம் அளவு ஏறிக்கொண்டே போனால், வயிற்றில் நீர் கோத்தல், கட்டி ஆகியவற்றைத் தேட வேண்டும். அதற்கு ஆறு வாரம் காத்திருக்கக்கூடாது.

வாயு என்றாலே அதிகம் என்று எண்ண வேண்டியதில்லை. நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை, பத்து முதல் இருபது தடவை வெளியேறுவது எல்லோருக்கும் இயல்புதான். வயிறு கண்ணுக்குத் தெரியவே பெருக்கும் பலரிடம், உப்பிய நேரத்தில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பார்சிலோனா ஆய்வாளர்கள், உள்ளே வாயு அப்படியொன்றும் கூடியிருக்கவில்லை என்று கண்டார்கள். உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே இறங்க, முன்வயிற்றுத் தசை தளர, குடல் முன்னே தள்ளப்படுகிறது. அதுதான் வயிறாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு எந்த வாயு மாத்திரையும் பெரிதாகப் பலன் தராது. சாப்பிட்ட பின் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து, வயிற்றிலிருக்கும் கை மட்டும் மெல்ல ஏறி இறங்கும்படி ஐந்து நிமிடம் மூச்சு விடும் பயிற்சி உதவுகிறது.

இப்போது நீங்கள் செய்த பரிசோதனைகள்.

எச்.பைலோரி (இரைப்பையில் தங்கும் ஒரு கிருமி) நெகட்டிவ் என்ற முடிவை நான் நம்பமாட்டேன். எண்டோஸ்கோபி செய்தபோது நீங்கள் பாண்டோபிரசோலில் இருந்திருப்பீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இந்தக் கிருமியின் எண்ணிக்கையை அமுக்கிவைத்துவிடும், கொல்லாது. இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து யூரியா கலந்த ஜெல்லில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை அந்த நிலையில் பொய்யாக 'இல்லை' காட்டக்கூடும். இப்பரிசோதனைக்கு முன் பாண்டோபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் மற்றும் பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடி எண்டோஸ்கோபி தேவையில்லை. மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பார்க்கும் பரிசோதனையோ, யூரியா மூச்சுப் பரிசோதனையோ போதும். ரத்தத்தில் எச்.பைலோரி ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பார்ப்பது வீண். கிருமி போய்ப் பல வருடமான பின்னும் அது பாசிட்டிவ் என்றே வரக்கூடும். கிருமி இருந்து சிகிச்சை எடுத்தால், மாத்திரை முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்து, போய்விட்டது என்று உறுதிசெய்ய வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உப்புசம் மட்டும் உள்ள எல்லோருக்கும் கிருமியை ஒழித்தவுடன் குணமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரு பகுதியினருக்கே பலன் தெரியும்.

பாண்டோபிரசோலை ஆறு மாதம் எடுத்தும் உப்புசம் அசையவில்லை என்பதே ஒரு தகவல்: உங்கள் தொல்லை அமிலத்தால் வந்ததல்ல. மருந்து எழுதியவரிடம் கேட்டு நிறுத்துங்கள். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அமிலம் முன்பைவிட அதிகம் சுரந்து நெஞ்சு எரியலாம். அதைப் பார்த்து, "மாத்திரை இல்லாமல் முடியாது போல" என்று திரும்பப் போய்விடாதீர்கள். தேவைப்படும்போது ஆன்டாசிட் சிரப் குடித்துக் கடந்துவிடலாம். 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைடிஸ்' என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி சற்றுச் சிவந்திருந்தது என்பதற்கு மேல் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. கிரேடு 1 ஃபேட்டி லிவரும் உப்புசம் தராது. அது சர்க்கரையோடு சேர்ந்து கவனிக்க வேண்டிய வேறு விஷயம்.

ஸ்கேன் அறிக்கையை எடுத்து, கருப்பை, சினைப்பை பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மேல்வயிறு மட்டும் பார்த்திருந்தால் இந்த வாரமே இடுப்புப் பகுதி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்ட இருக்கும்போது எடுக்க வேண்டும். உங்கள் கதை சினைப்பைக் கட்டியின் கதைபோல் இல்லை. அதில் உப்புசம் காலையிலும் இறங்காது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பும், அடிக்கடி சிறுநீர் வரும். ஆனாலும் நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்து நிலைத்த உப்புசத்தில் சினைப்பையைப் பார்க்காமல் விடக்கூடாது. சினைப்பைப் புற்றுநோய் 'கேஸ்' என்ற பெயரில்தான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதற்காகப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையைத் தனியாகச் செய்து பதற வேண்டாம். மாதவிடாய், ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் அது உயரும்.

இவற்றோடு ஹீமோகுளோபின் உள்ளிட்ட ரத்த அணுக்கள், டிஎஸ்எச் (தைராய்டுக்கு), சிஆர்பி (அழற்சிக்கு) பார்த்தால் போதுமானது. தைராய்டு குறைந்தால் குடல் மந்தமாகும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. ரத்தசோகையோ வயிற்றுப்போக்கோ இருந்தால் டிடிஜி-ஐஜிஏ என்ற சீலியாக் ரத்தப் பரிசோதனையை, மொத்த ஐஜிஏ அளவோடு சேர்த்து, சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டும். நிறுத்தியபின் செய்தால் நோய் தெரியாமல் தப்பிவிடும். கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது சீலியாக் உள்ளவர்கள் அறிய வேண்டியது. மலம் அடிக்கடி இளகிப் போகிறவர்களுக்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியில் கூடும் புரதம்) பார்ப்பது நல்லது. 50க்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு, கொலோனோஸ்கோபியைத் தவிர்க்கலாம். வலி மாத்திரை சாப்பிட்ட வாரத்தில் அந்த அளவு பொய்யாக ஏறும்.

மாத்திரை, பால் இரண்டையும் பார்த்து முடித்தும் உப்புசம் அப்படியே இருந்தால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்குப் போகலாம். பெரிய மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவுகள் சிலவற்றில் இருக்கிறது. மனித உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை; குடல் பாக்டீரியாதான் உண்டாக்கும். அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வரும். சர்க்கரைக் கரைசல் ஒன்றைக் குடித்துவிட்டு, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று மணி நேரம் குழாயில் ஊத வேண்டும். லாக்டோஸ் குடித்தபின் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் லாக்டோஸ் செரிக்கவில்லை. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸோ 10 கிராம் லாக்டுலோஸோ (சிறுகுடலில் செரிக்காத ஒரு சர்க்கரை) கொடுப்பார்கள்; 90 நிமிடத்துக்குள் 20 பிபிஎம் ஏறினால் பாசிட்டிவ். மூச்சில் வரும் இன்னொரு வாயுவான மீத்தேன் எந்த நேரத்திலும் 10 பிபிஎம் தொட்டாலே கணக்கு. அது மலச்சிக்கலோடு சேர்ந்து வருவது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் எந்தக் கரைசல் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். லாக்டுலோஸில் ஒரு குறை: குடல் வேகமாக நகர்பவருக்கு அது சீக்கிரமே பெருங்குடலை எட்டி, இல்லாத நோயைக் காட்டும்.

இந்தப் பரிசோதனை தோற்பது பெரும்பாலும் முந்தைய நாள் சாப்பாட்டில்தான். முந்தைய நாள் பருப்பு, பயறு, வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பழம், காய்கறி எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, உப்பு, எண்ணெய், முட்டை அல்லது மீன் அல்லது கோழி, அவ்வளவுதான். சாம்பாரில் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாலே மறுநாள் காலை முதல் ஊதலிலேயே ஹைட்ரஜன் உயர்ந்து நின்று, "இன்னொரு நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இரவு சாப்பிட்டபின் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் பல் துலக்குங்கள். வாயிலுள்ள பாக்டீரியாவும் ஹைட்ரஜன் தரும். சோதனை நடக்கும்போது தூங்கக்கூடாது, நடைப்பயிற்சி கூடாது. ஆன்டிபயாடிக் எடுத்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும்.

200 உணவுகளுக்கான ரத்தப் பரிசோதனை ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை அளப்பது. ஒரு உணவை நாம் அடிக்கடி சாப்பிடுகிறோம் என்பதைத்தான் அது காட்டும். அரிசி, பால், கத்தரிக்காய் என்று தினமும் சாப்பிடுவதெல்லாம் சிவப்பில் வரும். அந்தப் பட்டியலை நம்பி முப்பது உணவுகளை ஒதுக்கி மெலிந்து போகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஒவ்வாமைத் துறை மருத்துவச் சங்கங்கள் பலவும் இதைச் செய்யவேண்டாம் என்றே சொல்கின்றன.

முழுசாகப் போன திருப்தி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தினமும் போவதால் மலச்சிக்கல் இல்லை என்றாகாது. பின்தங்கிய மலம் இருக்கும்வரை வாயு முன்னே நகராது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர உட்காருங்கள். இசப்கோல் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். ஒரேயடியாக மூன்று ஸ்பூன் போட்டால் உப்புசம் கூடும். நான்கு வாரத்திலும் முக்க வேண்டியிருந்தால், ஆசனவாய்த் தசை சரியாகத் தளர்கிறதா என்று பார்க்கும் மேனோமெட்ரி பரிசோதனை இருக்கிறது.

சமையலில், பயறு, கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பூண்டு, வெங்காயத்திலுள்ள ஃபிரக்டான் என்ற வாயு தரும் சர்க்கரை வகை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் போட்ட பூண்டை எடுத்து ஒதுக்குவதால் பயனில்லை. எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றும் முன் எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். கோதுமையிலும் ஃபிரக்டான் உண்டு. பால் சோதனை முடிந்தபின் இரண்டு வாரம் சப்பாத்திக்குப் பதில் அதே அளவு மாவுச்சத்துக்கு இரண்டு தோசை என்று மாற்றிப் பாருங்கள். சோடா குடித்து வரும் ஏப்பம், சோடாவிலேயே இருந்த வாயு.

கீழ்க்கண்ட எது வந்தாலும் மேலே சொன்ன வரிசையை விட்டுவிட்டு உடனே குடல்நோய் நிபுணரிடம் போங்கள்: காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம் அல்லது ரத்தம், விழுங்கச் சிரமம், சாப்பிட்டது பல மணி நேரம் கழித்து வாந்தியாக வருவது, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மாலைக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. அப்போதுதான் கொலோனோஸ்கோபிக்கும் சிடி ஸ்கேனுக்கும் வேலை.

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், நடந்தால் கூடுவது, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அது 'கேஸ்' என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு இப்படியும் வரும். உடனே ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள், மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்க்கட்டும்.

ஆறேழு வாரத்தில் நோட்டு நிறைந்திருக்கும். குடல்நோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் (சித்த, ஆயுர்வேத மருந்துகள், சத்து மாத்திரைகள் உட்பட), எண்டோஸ்கோபி படத்தோடு கூடிய அறிக்கையையும் எடுத்துப் போங்கள்.